வெளிக்குப் போதல்

மலங்கழிப்பதைச் சொல்ல நம் ஊர்களில் புழங்கும் சொற்களைக் கொஞ்சம் அடுக்கிப் பாருங்கள். வெளிக்குப் போறது, கொல்லைக்குப் போறது, காட்டுப் பக்கம் போறது, ஒதுங்குறது. எல்லாமே நடையைக் குறிக்கிற சொற்கள். வீட்டை விட்டு எழுந்து, கொஞ்ச தூரம் நடந்து, ஆள் கண்ணில் படாமல் உட்கார்ந்து, திரும்பி வருவது. காரியத்தைச் சொல்லாமல் போகிற இடத்தை மட்டும் சொல்லிவிடுகிற நாசூக்கு. ஆனால் நடக்க முடியாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது இந்த நாசூக்கு நம்மைக் கைவிட்டுவிடுகிறது. "படுக்கையிலேயே போயிடுறார்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம்.

அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அம்பத்தூரில் எங்கள் வீட்டில் எண்பத்தேழு வயதுத் தாத்தாவை மூன்று வருடமாகப் பார்த்துக்கொள்கிறோம். அம்மாவும் நானும் முறை வைத்துக்கொண்டு செய்கிறோம். அவருடைய கட்டிலைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கழிவறை. 'கக்கூஸ்' என்ற சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613ல். அந்தப் பழவேற்காடு எங்கள் ஊருக்கு வடக்கே, ஒரு பஸ் பயண தூரத்தில் இருக்கிறது. நாட்டை விட்டுப் போய் இத்தனை காலம் ஆன பிறகும் அவர்கள் நம் வீட்டில் விட்டுப்போன சொல் இது. சொல் வந்த வேகத்தில் அறை வீட்டுக்குள் வரவில்லை. தீட்டு என்கிற எண்ணம் அதை மதில் ஓரத்துக்குத் தள்ளியே வைத்திருந்தது.

அம்பத்தூர், ஆவடி பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தால் இது புரியும். 1949ல் இங்கே டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை வந்தது. 1964ல் தொழிற்பேட்டை வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது 1965ல். வேலைக்கு வந்தவர்களெல்லாம் இளவட்டங்கள். மனை வாங்கி, கடன் போட்டு, ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு என்று கட்டினார்கள். கிணற்றடி தாண்டி, கொல்லைக் கோடியில் கழிவறை. இரண்டு படி ஏறணும், குத்துக்காலிட்டு உட்காரணும், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஷிப்டுக்குச் சைக்கிள் மிதித்துப் போகிற இருபத்தைந்து வயது உடம்புக்கு அது போதும்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 1964ல் இருபத்தைந்து வயதாக இருந்தவருக்கு 2024ல் எண்பத்தைந்து. தொழிற்பேட்டையோடு சேர்ந்து வந்த ஒரு தலைமுறை, ஏறக்குறைய ஒரே சமயத்தில் படுக்கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. 2011ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் போனது, 2019ல் ஆவடி தனி மாநகராட்சி ஆனது. ஊர் பெரிதாகிவிட்டது. அந்த இரண்டு படி மட்டும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது.

அடுத்தது மெக்கிண்டாஷ். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிற யாரையாவது பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். "மெக்கிண்டாஷ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்பார் நர்ஸ். மெத்தை நனையாமல் இருக்க விரிப்புக்கு அடியில் போடுகிற ரப்பர் ஷீட். இது ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் மெக்கிண்டாஷ், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த வேதியியலாளர். நிலக்கரி வாயு ஆலைக் கழிவிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, தண்ணீர் புகாத துணிக்கு 1823ல் காப்புரிமை வாங்கினார். அவர் நினைத்தது மழைக்கோட்டு. வெயில் பட்டால் அந்த ஆரம்பக் கோட்டுகள் பிசுபிசுவென்று ஒட்டும். சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு 1844ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிறகுதான் இந்தப் பொருள் சித்திரை வெயிலைத் தாங்குகிற நிலைக்கு வந்தது. மழைக்குக் கண்டுபிடித்த துணி, முதுமைக்குப் பாயானது.

ஆனால் மெக்கிண்டாஷ் காப்பாற்றுவது மெத்தையைத்தான், தோலை இல்லை. தோலைக் காப்பாற்றியது பழைய புடவை. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆன நூல் புடவையைக் கிழித்து மடித்து அடியில் வைப்பார்கள். அதை அலசியது யார்? மனைவி, மருமகள், மகள். வீட்டுக்கு வெளியே மலத்தை ஒரு சாதியின் தலையில் ஏற்றிய சமூகம், வீட்டுக்குள்ளே அதைப் பெண்ணின் கையில் கொடுத்தது. முதலாவதைத் தடுக்க 1993லும் 2013லும் சட்டங்கள் வந்தன. இரண்டாவதற்கு 'கடமை' என்று பெயர் வைத்ததால் அது யார் கண்ணுக்கும் படவே இல்லை. எங்கள் வீட்டிலும் முதல் மாதம் சொந்தக்காரர்கள் வந்து அம்மாவிடம்தான் "புண்ணியம்மா உனக்கு" என்றார்கள். என்னைப் பார்த்து, "ஆம்பளப் பிள்ளை, நீ ஏண்டா இதெல்லாம்?" என்றார்கள். புண்ணியத்துக்குக்கூட ஆண், பெண் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் மார்ஜரி வாரனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1935ல் லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்த கிழவர்கள், கிழவிகள். 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று விடப்பட்டவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்தார். பலர் படுக்கையிலேயே மலம் போனதற்குக் காரணம் அவர்கள் வயது மட்டும் இல்லை, யாரும் அவர்களை எழுப்பி உட்காரவைக்காததும் ஒரு காரணம் என்று கண்டார். எழுந்து நடக்கவைத்தார். கணிசமானவர்கள் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்கிற துறையே இங்கிருந்துதான் கிளம்பியது என்பார்கள்.

தமிழ்நாட்டில் அந்தத் துறைக்கு வழி போட்டவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு 1978ல் தொடங்கியது. 1996ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். பிள்ளை பெறுவதற்கும் குழந்தைக்கும் எப்போதோ தனி வார்டு வைத்த நாம், கிழவர்களின் வயிற்றைத் தனியாகப் படிக்க அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டோம்.

அப்படிப் படித்ததால் தெரிந்த ஒரு விஷயம், பார்த்துக்கொள்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. படுக்கையில் இருப்பவருக்குத் தண்ணியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தால், உடனே பேதி என்று நினைக்கக் கூடாது. கடுமையான மலச்சிக்கலாக இருக்கலாம். உள்ளே மலம் கல் மாதிரி அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலே தேங்கிய நீர்த்த மலம் ஓரமாகக் கசிந்து வரும். தாத்தாவுக்கு அப்படி ஆனபோது, "நிறுத்துற மாத்திரை ஒண்ணு போடுங்க, சரியாயிடும்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் மாத்திரையை வாங்கவிடவில்லை. "இருங்க சார், முதல்ல உள்ள அடைச்சிருக்கான்னு பார்த்துடலாம்" என்றார். அடைத்துத்தான் இருந்தது. நிறுத்துகிற மாத்திரை கொடுத்திருந்தால் அடைப்பு இன்னும் இறுகியிருக்கும். எனிமா கொடுத்தார், டாக்டரிடம் பேசி இளக்க மருந்துக்கு ஏற்பாடு செய்தார். ஒரே வாரத்தில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மாற்றிய துணி இரண்டு தடவையாகக் குறைந்தது.

இன்னொன்றும் சொன்னார். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும், காலையில் அது அதிகம். அதனால் காலைக் காபி, டிபன் ஆன கொஞ்ச நேரத்தில் கமோட் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். பாதத்துக்கு அடியில் ஒரு மணை. பத்துப் பதினைந்து நிமிடம், அவசரப்படுத்தாமல், கதவைச் சாத்திவிட்டு. அந்தக் கதவுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐம்பது வயது வரை பெற்ற பிள்ளை முன்னால்கூடச் சட்டையில்லாமல் உட்காராத மனிதர் அவர்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. அது பெரிய மாற்றம். ஆனால் நர்ஸ் போன பிறகு நாளின் மீதி நேரம் வீட்டுக்காரர்களுடையது.

அந்த மீதி நேரத்துக்குத்தான் டயப்பர். அதன் உள்ளே இருக்கிற உறிஞ்சு பொடியின் கதை வேளாண்மையில் தொடங்குகிறது. வறண்ட மண்ணில் ஈரம் நிற்க என்ன செய்யலாம் என்று அமெரிக்க வேளாண் துறை 1960களில் ஆராய்ந்தது. அதில் பிறந்த பொருள் வயலைவிட அதிகமாக மனிதர்களின் இடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. 1984ல் 'டிபெண்ட்' என்ற பெயரில் பெரியவர்களுக்கான டயப்பர் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஜப்பானின் ஓஜி நிறுவனம், உள்நாட்டில் குழந்தை டயப்பர் தயாரிப்பதை நிறுத்திப் பெரியவர்களுக்கானதில் கவனம் செலுத்தப்போவதாக 2024ல் அறிவித்தது. ஒரு நாட்டின் வயதை டயப்பர் கம்பெனியிடம் கேட்டாலே தெரிந்துவிடும் போல.

பாக்கெட்டில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது சிறுநீருக்கான கணக்கு. பொடி நீரை உறிஞ்சும், மலத்தை உறிஞ்சாது. மலம் தோலிலேயே தங்கும், முதியவரின் மெல்லிய தோல் சீக்கிரம் புண்ணாகிவிடும். அதனால் போன உடனே மாற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, துத்தநாகக் களிம்பு தடவ வேண்டும். ரத்தம் கலந்து வந்தாலோ, வயிறு உப்பி வலித்தாலோ, திடீரென்று இந்தத் தொந்தரவு ஆரம்பித்தாலோ டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

நம் ஊர்க் கிழவர்கள் கும்பிடும்போது கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "யாருக்கும் பாரமில்லாம போய்ச் சேரணும்." தென் மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில் முதியவர்களைக் கொல்லும் வழக்கம் இருந்ததை நாம் செய்தியாகப் படித்திருக்கிறோம். அதைப் பேசிய படத்துக்கு 'பாரம்' என்றே பெயர், தேசிய விருதும் வாங்கியது. சாவைவிட, பிறர் கையால் கழுவப்படுவதற்குத்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். மலத்தைத் தொடுகிறவரை மட்டமாகப் பார்க்கவே காலமெல்லாம் கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள், தன் மலத்தைப் பேத்தியோ பேரனோ தொடும்போது எப்படிக் கூசாமல் இருப்பார்கள்? சாதி சொல்லிக்கொடுத்த அருவருப்பு கடைசியில் அவரவர் உடம்பின் மீதே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கட்டித்தான் குப்பையில் கொடுக்க வேண்டும். சுற்றாமல் போட்டால், அதைப் பிரிப்பது மாநகராட்சித் தூய்மைப் பணியாளரின் கை. சட்டம் தடை செய்த அதே வேலையை, வாசலில் நின்று அவரிடம் திருப்பிக் கொடுப்பதாகத்தான் அதற்கு அர்த்தம். அதனால் மலத்தை முடிந்தவரை கழிவறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டி, செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைக்கிறேன். எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா அந்தக் குறியைப் பார்த்ததும் பொட்டலத்தைத் தனிப் பையில் போட்டுக்கொள்வார். போன வாரம், "தாத்தாவுக்கு இப்ப குறைஞ்சிருக்கு போல, ஒரு பொட்டலம்தான் வருது" என்றார். மூன்று வருடத்தில் குரலைத் தாழ்த்தாமல் இதைப் பற்றி எங்களிடம் விசாரித்த முதல் ஆள் அவர்தான்.