தேக்காவின் வானமும் தரையும்

பழைய போர் விமானங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பொழுது போவதறியாத அன்பர்கள் பல நாடுகளிலும் உளர். இன்ன விமானம் எந்தப் படையணியைச் சேர்ந்தது, அதன் உடலில் தீட்டியிருந்த எண் யாது, அது எங்கே வீழ்ந்தது என்றெல்லாம் அவர்கள் நுணுகி ஆராய்வர். துருவேறிய இறக்கைத் துண்டொன்று கிடைத்தாலும் அதனைப் பொன்போற் போற்றுவர். அவர்தம் பேச்சில் சிங்கப்பூரின் பெயர் அடிக்கடி இடம்பெறும். 1941 டிசம்பர் முதல் 1942 பிப்ரவரி வரை இத்தீவின் மேல் நடந்த வான்போரே அதற்குக் காரணம். ஆயின், வானில் பறந்தவற்றைக் கணக்கிடுவோர் தரையில் நின்றவரை மறந்துவிடுகின்றனர். தரையில் நின்றவருள் தமிழர் பலர். ஆதலின் இவ்வரலாற்றைத் தேக்காவிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

தேக்கா என்பது ஹொக்கியன் சீனத் தொடரொன்றின் மரூஉ. சிறு மூங்கில்களின் அடி என்பது அதன் பொருள். இங்கே, ஃபேரர் பார்க் என்று இன்று வழங்கும் இடத்தில், 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. பந்தயம் புக்கித் தீமாவுக்குப் போய்விட்ட பின்னும் ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் நிலைத்துவிட்டது. சிங்கப்பூர் மக்கள் முதன்முதலாக விமானம் பறக்கக் கண்டதும் இத்திடலிலேதான். 1911 மார்ச்சில் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்னும் பெல்ஜியர் இங்கே பறந்து காட்டினார். 1919 டிசம்பர் 4ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா சென்ற ராஸ் ஸ்மித் தம் விக்கர்ஸ் விமி விமானத்தை இங்கே இறக்கினார். அது முதல் உலகப்போருக்கென வகுக்கப்பட்ட குண்டுவீச்சு விமானம், திடலோ சிறியது. விமானத்தை விரைவில் நிறுத்தும்பொருட்டு, பென்னட் என்னும் துணைவர் அதன் முதுகின்மேல் ஊர்ந்து வாற்பகுதிக்குச் சென்று தம் உடற்பாரத்தால் வாலை அழுத்தினாராம்! அன்று விமானம் வேடிக்கைப் பொருள்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்தது வேடிக்கையன்று. 1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன், நான்கு மணியளவில், இந்தோசீனத்திலிருந்து புறப்பட்ட ஜப்பானிய விமானங்களுள் 17 சிங்கப்பூரை அடைந்தன. நகரின் விளக்குகள் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டே இருந்தன. 61 பேர் மாண்டனர். காயமுற்றோர் 700க்கு மேற்பட்டோர். ஜனவரியில் தாக்குதல் இடைவிடாத வழக்கமாயிற்று. இருபத்தேழு விமானங்கள் அணிவகுத்து வந்து, தலைவன் குறிகாட்டியதும் ஒருங்கே குண்டுகளை உதிர்க்கும். தேக்கா மக்கள் பலர் சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலிற் புகுந்து உயிர் காத்தனர். சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று முன்னோர் வழங்கியது இதுவே. கம்பம் என்பது சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல் தமிழ் வடிவம் பெற்றது. கருவறையின்மேல் எழும் கட்டடத்தையும் விமானம் என்கிறோம். வானூர்தியையும் விமானம் என்கிறோம். ஒரு விமானத்துக்கு அஞ்சி மற்றொரு விமானத்தை நாடுதல் தமிழருக்கே வாய்த்த நிலைபோலும்.

எதிர்த்து நிற்க என்ன இருந்தது? மலாயா முழுமைக்கும் குறைந்தது 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டனில் முடிவு செய்திருந்தனர். போர் மூண்டபோது இருந்த முன்னணி விமானங்கள் 158. அவற்றுட் போரிடும் வகையைச் சேர்ந்தவை பிரூஸ்டர் பஃபலோ என்னும் அமெரிக்க விமானங்கள். தேக்காவில் உள்ள பஃபலோ சாலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது மாட்டுப்பட்டிகள் இருந்த காலத்து நினைவு. இந்த விமானத்தைப் பற்றி ஆர்வலரிடையே ஓயாத வழக்கு ஒன்றுண்டு. சிங்கப்பூரில் இது ஜப்பானிய விமானங்களுக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் ஏளனத்துக்கு ஆளாயிற்று. பின்லாந்து நாட்டினரோ 44 பஃபலோக்களை வாங்கி, ரஷ்யரோடு பொருது பெருவெற்றி கண்டனர். ஒரே விமானம் ஓரிடத்திற் பழியும் ஓரிடத்திற் புகழும் எய்தியது எங்ஙனம்? இங்கு வந்தவை கூடுதற் சுமை ஏற்றப்பட்டவை, அவற்றுட் சிலவற்றின் எந்திரங்கள் பயணிகள் விமானங்களில் உழைத்துத் தேய்ந்தவை, வெப்பமும் மிகுதி, ஓட்டியவருள் அனுபவமற்ற இளைஞர் பலர். இவ்வளவும் சேர்ந்ததே காரணம் எனலாம். எந்திரத்தை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. 1942 ஜனவரியில் பெட்டிகளில் அடைத்து வந்த 51 ஹரிக்கேன் விமானங்களாலும் நிலைமை மாறவில்லை. பிப்ரவரி 5ஆம் நாளளவில் தெங்கா, சிலேத்தார், செம்பவாங் ஆகிய மூன்று தளங்களும் ஜொகூரிலிருந்து வந்த பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்காயின. காலாங் ஒன்றே எஞ்சியது. 10ஆம் நாள் கடைசிப் போர் விமானங்களும் சுமத்ராவுக்குப் போய்விட்டன.

அத்தளங்களில் மண் சுமந்தவரும் குழி தூர்த்தவரும் பற்றிய செய்தி மிகச் சிறிதே. சிலேத்தார் வான்படைத் தளத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய்ப் பணிபுரிந்தனர். ஓடுதளத்திற் குண்டு விழுந்தால் அப்பள்ளத்தை உடனே மூடவேண்டும். இன்றேல் விமானம் எழாது. ஆதலின் மண்வெட்டி பிடித்த கையும் போர்க்கருவியே. குண்டு விழத் தொடங்கியதும் கூலிகள் மறைந்துவிட்டனர் என்று போருக்குப்பின் வெளிவந்த ஆங்கிலத் தளபதிகளின் அறிக்கைகள் குறைகூறுகின்றன. சிங்கப்பூரில் நிலத்தடி நீர் மேலேயே இருத்தலால் ஆழ்ந்த பதுங்கிடங்கள் அமைத்தல் இயலாது என்று கைவிட்டவர்களும் அவ்வாட்சியினரே. ஒளிந்துகொள்ளக் குழியில்லாத வெட்டவெளியில், படைவீரனுக்குரிய ஊதியமும் மதிப்பும் இல்லாதவன் நிற்கவில்லை என்பது குற்றமாயின், அக்குற்றத்திற் பெரும்பங்கு யாரைச் சாரும்?

பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. 17ஆம் நாள் பழைய பந்தயத் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியப் படையினர் திரட்டப்பட்டு, ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர் மோகன் சிங்கிடம் அவர்களை ஒப்புவித்தார். இந்திய தேசிய இராணுவத்தின் கதை அவ்விடத்தினின்று வளர்ந்தது. அவ்விராணுவத்துக்கு விமானம் கிடையாது. எனினும் 1944இல் நேதாஜி தோக்கியோவுக்குப் பயிற்சிக்கென அனுப்பிய இளைஞருட் சிலர் விமானப் பயிற்சி பெறச் சென்றவர்கள்.

1944 நவம்பர் 5ஆம் நாள் மீண்டும் குண்டுகள் விழுந்தன. இம்முறை வந்தவை நேச நாட்டு விமானங்கள். வங்காளத்துக் காரக்பூரைச் சார்ந்த தளங்களிலிருந்து 76 பி-29 விமானங்கள் கிளம்ப, 53 வந்து செம்பவாங் கப்பல் துறையைத் தாக்கின. இத்தகைய தாக்குதல்கள் 1945 மார்ச் வரை தொடர்ந்தன. முன்னர்ப் பகைவன் வீசிய குண்டு. பின்னர் மீட்க வந்தவன் வீசிய குண்டு, அதுவும் இந்திய மண்ணிலிருந்து!

இவற்றின் நினைவாக இன்று எஞ்சியிருப்பவை எவை? காலாங் விமான நிலையக் கட்டடம் நிற்கிறது. 1957 மார்ச் 2ஆம் நாள் திறக்கப்பட்ட கிராஞ்சிப் போர் நினைவகத்தின் கூரை விமானத்தின் இறக்கை வடிவினது. அதன் தூண்களில் கல்லறை காணாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையினர் பெயர்களும் அவற்றுள் உண்டு. படையைச் சேராத கூலியாளுக்கு அங்கே இடமில்லை. பொதுமக்களுக்கென 1967இல் பீச் சாலையில் எழுப்பப்பட்ட நினைவுத் தூண்கள் நான்கு. ஓரினத்துக்கு ஒரு தூணாக அவை உயர்ந்துள்ளன. அவற்றிற் பெயர்கள் இல்லை. பஃபலோ விமானமோ, உலகில் முழுமையாக எஞ்சியது ஒன்றே என்பர். 1998இல் ரஷ்ய ஏரியொன்றின் அடியிலிருந்து எடுக்கப்பட்ட அது பின்லாந்தின் காட்சிசாலையில் உள்ளது. சிங்கப்பூரைக் காத்தவற்றுள் ஒன்றன்று.

சிங்கப்பூர் மண்ணோ குண்டுகளையே சேமித்து வைத்திருக்கிறது. 2019இல் ஜியாக் கிம் தெருவில் 50 கிலோ எடையுள்ள குண்டொன்று அகப்பட்டது. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கித் தீமாவில் அடுக்குமாடி வீடுகள் கட்ட மண்ணைத் தோண்டியபோது 100 கிலோ எடையுள்ள மற்றொன்று வெளிப்பட்டது. சுற்றுப்புறத்திலிருந்து 4,000க்கும் மேற்பட்டோரை அப்புறப்படுத்திய பின், அம்மாதம் 26ஆம் நாள் அதனை இருந்த இடத்திலேயே வெடிக்கச் செய்தனர்.