தறியில்லா நெசவு: பீசீம் என்னும் சில்லு நிறுவனத்தின் ஏழாண்டுகள்

துணி நெய்து விற்பவருக்குத் தறி வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பர். எங்கள் நாமக்கல் மாவட்டத்தவர் அப்படி நினைப்பதில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரங்களில் ஓயாமல் இரையும் விசைத்தறிகளில் பல, கூலித்தறிகள். நூலைக் கொடுத்து, இன்ன அகலம், இன்ன கரை, இன்ன நிறம் என்று சொல்லித் துணியாக வாங்கிச் செல்லும் வியாபாரியிடம் ஒரு தறிகூட இருக்கவேண்டிய கட்டாயமில்லை. தறிக்காரர் கூலி பெறுகிறார். துணி வியாபாரியின் பெயரில் சந்தைக்குப் போகிறது. முதல் போட்டுத் தறி வாங்கியவருக்கு ஒரு கவலை, நூலும் சந்தையும் பார்க்கிறவருக்கு வேறொரு கவலை என்று தொழில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத்தோட்டமும் சூழ்ந்த பரமத்தி வேலூரிலிருந்து எழுதும் எங்களுக்கு, செல்பேசிச் சில்லுத் தொழிலைப் புரிந்துகொள்ள இந்தக் கூலித்தறி வழக்கமே கைகொடுத்தது. சில்லை வடிவமைத்து விற்கும் பெரும் நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்த ஆலை கிடையாது. ஆங்கிலத்தில் 'ஃபேப்லெஸ்' என்பர்; நாம் ஆலையில்லா நிறுவனம் என்போம். அத்தகைய ஒரு நிறுவனத்தின் கதை இது. அதன் பெயர் பீசீம் கம்யூனிகேஷன்ஸ். அதைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர் பொள்ளாச்சியில் பிறந்த தமிழர் ஒருவர். ஏழாண்டுகளே தனித்து வாழ்ந்த அந்நிறுவனத்தை இன்று நினைவுகூர்வோர் குறைவு. ஆயினும் அதன் அடிப்படையாக இருந்த எண்ணம் இன்று ஏறக்குறைய ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

முதலில் ஆலையில்லாத் தொழில் எப்படி உருவாயிற்று என்று பார்த்துவிடுவோம். 1970களில் சில்லு செய்தவர்கள் வடிவமைப்பையும் உற்பத்தியையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தனர். 1980-இல் கார்வர் மீட், லின் கான்வே இருவரும் எழுதிய பாடநூல், வடிவமைப்பைச் சில பொதுவிதிகளுக்குள் கொண்டுவந்தது. அவ்விதிகளை அறிந்தவர் ஆலைக்குள் காலடி வைக்காமலே சில்லை வரையலாம் என்ற நிலை பிறந்தது. வரைந்ததைச் செய்துகொடுக்க ஆள் வேண்டுமல்லவா? 1987-இல் தைவானில் மோரிஸ் சாங் தொடங்கிய டிஎஸ்எம்சி அந்த இடத்தை நிரப்பியது. பிறர் வடிவங்களைக் கூலிக்குச் செய்துதருவதே அதன் தொழில்; தன் பெயரில் சில்லு விற்பதில்லை. 1985-இல் சான் டியாகோவில் தொடங்கிய குவால்காம், தான் செய்துவந்த செல்பேசிக் கருவிகளையும் கோபுரக் கருவிகளையும் 1999 வாக்கில் பிறருக்குக் கைமாற்றிவிட்டுச் சில்லிலும் காப்புரிமையிலும் ஊன்றிக்கொண்டது. தைவானில் 1997-இல் மீடியாடெக் பிறந்தது. செல்பேசிக்குள் இருக்கும் மூளையை ஆலையில்லாதவர்கள் வரையும் காலம் வந்துவிட்டது.

இனி நம் கதைநாயகரிடம் வருவோம். ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தார். பள்ளிப் பருவம் முடியும் வயதிலேயே இந்தியக் கடற்படைக்குப் போய்விட்டார். கடற்படை அவரை தில்லி ஐஐடிக்கு அனுப்பியது. அங்கே 1973-இல் முனைவர் பட்டம் பெற்றார். இடையில் 1971 போர். டிசம்பர் 9 அன்று ஐஎன்எஸ் குக்ரி என்ற போர்க்கப்பல், பாகிஸ்தானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் அரபிக்கடலில் மூழ்கியது. ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர். நீருக்கடியில் பகைவன் எழுப்பும் ஒலியைக் கேட்டறியும் சோனார் கருவியின் போதாமை கடற்படையை வாட்டியது. அக்கருவியை மேம்படுத்தும் பணியும், பின்னர் அப்ஸோ என்ற புதிய சோனாரை இந்தியாவிலேயே உருவாக்கும் பணியும் பால்ராஜிடம் வந்தன. கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவான அக்கருவி 1983-இல் கடலில் சோதிக்கப்பட்டு வெற்றிகண்டது.

சோனாரின் சாரம் இதுதான்: பல காதுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு காதுக்கும் ஒலி வந்து சேரும் சிறு நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, எந்தத் திசையில் எவன் இருக்கிறான் என்று அறிதல். கடலுக்கடியில் கற்ற இந்தப் பாடம்தான் பின்னர் வானலைக்கு வந்தது. 1980களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் கைலாத்தின் குழுவில் இருந்தபோது, பல ஆண்டெனாக்கள் வாங்கும் அலைகளின் திசையைக் கண்டறியும் எஸ்ப்ரிட் என்ற வழிமுறையில் அவருக்குப் பங்குண்டு. இந்தியா திரும்பிப் பெங்களூரில் ஆய்வு நிறுவனங்களை உருவாக்கினார். 1991-இல் கமடோர் நிலையில் ஓய்வுபெற்று, மீண்டும் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். அப்போது வயது 47. நம் ஊர்களில் ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துத் தென்னந்தோப்பு வாங்க யோசிக்கும் பருவம்.

அங்கே, அருகருகே இருந்து வரும் அலைகளைப் பிரித்தறியும் ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது, சிதறல் மிகுந்த சூழலில் அவற்றைப் பிரிப்பது எளிதாவதைக் கவனித்தார். இதன் வியப்பை ஓர் உவமையால் சொல்லலாம். வாழைத்தார் ஏலத்தில் இருவர் ஒரே நேரத்தில் விலை கூவுகின்றனர். ஒரே காது உள்ளவனுக்கு இரண்டும் கலந்த இரைச்சலே கிடைக்கும். இரு காதுள்ளவனுக்கு ஒவ்வொரு குரலும் வேறு வேறு வழியில், வேறு வேறு அளவில் வந்து சேர்கிறது. ஆகவே பிரித்துக்கொள்ள வழியுண்டு. குரல்கள் சுவரிலும் தூணிலும் பட்டுத் தெறித்து வந்தால் வழிகள் இன்னும் வேறுபடும். பிரிப்பது இன்னும் எளிது. கட்டடங்களில் பட்டுச் சிதறும் அலையைத் தொல்லையென்றே அதுவரை பொறியாளர்கள் கருதிவந்தனர். அதையே மூலதனமாக்கலாம் என்பது பால்ராஜின் கருத்து. அனுப்புமிடத்திலும் வாங்குமிடத்திலும் பல ஆண்டெனாக்களை வைத்தால், ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட செய்தியோடைகளை அனுப்பலாம். அலைக்கற்றை கூடாமலே கொள்ளளவு கூடும். 1992-இல் பால்ராஜும் கைலாத்தும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1994-இல் அது கிடைத்தது. மைமோ என்று இன்று அழைக்கப்படும் தொழில்நுட்பத்தின் தொடக்க ஆவணங்களுள் அது முதன்மையானது.

காகிதத்தில் இருப்பது சில்லாக வேண்டும். 1998-இல் அவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் அயோஸ்பான் வயர்லெஸ் என்ற பெயரைக் கொண்டது. மைமோவையும், ஓர் அகன்ற அலைவரிசையைப் பல மெல்லிய இழைகளாகப் பிரித்துப் பலருக்குப் பங்கிடும் ஓஎஃப்டிஎம்ஏ முறையையும் அது ஒன்றாகப் பிணைத்தது. தொலைத்தொடர்புச் சந்தை சரிந்த காலம் அது. 2003-இல் அயோஸ்பான் இன்டெல் வசமாயிற்று. அதே ஆண்டில், ஐம்பத்தொன்பதாம் வயதில், பால்ராஜ் சிலரோடு சேர்ந்து தொடங்கியதுதான் பீசீம். தலைமையகம் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில். வடிவமைப்புப் பணியின் பெரும் பகுதி பெங்களூரில்.

பீசீம் பந்தயம் கட்டியது வைமாக்ஸ் என்னும் தரநிலையின்மீது. கம்பியில்லா அகலப்பட்டை இணையத்தைக் கைக்கருவிகளுக்குக் கொண்டுசெல்லும் இத்தரநிலை 2005 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. இன்டெல் இதன் பெரும் ஆதரவாளர். தென்கொரியாவில் 2006-இல் இதன் உடன்பிறப்பான வைப்ரோ சேவை தொடங்கியது. அமெரிக்காவின் ஸ்பிரின்ட் நிறுவனம் அதே ஆண்டில் வைமாக்ஸைத் தேர்ந்தது. 2008 செப்டம்பரில் பால்டிமோரில் சேவை தொடங்கியது. வைமாக்ஸின் இரண்டாம் கட்டச் சான்றிதழில் மைமோ இடம்பெற்றது. மைமோவைக் கண்டவரே தொடங்கிய நிறுவனத்துக்கு இது சாதகமாயிற்று. மடிக்கணினிகளிலும் மோடங்களிலும் பொருத்தப்படும் வைமாக்ஸ் சில்லுகளில் பீசீமின் பெயர் முன்வரிசைக்கு வந்தது.

இத்தகைய நிறுவனத்தின் வளர்ச்சியை வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு எளிதாகத் தோன்றலாம். ஆலை இல்லை, ஆகவே செலவில்லை என்று. உண்மை வேறு. சில்லின் வரைபடம் முடிந்ததும் அதை ஒளியச்சுத் தகடுகளாக மாற்றி ஆலைக்கு அனுப்ப வேண்டும். அத்தகடுகளின் விலை மிக அதிகம். வரைபடத்தில் ஒரு பிழை இருந்தால் தகடும் வீண், மாதங்களும் வீண். துணியில் கரை கோணலானால் தள்ளுபடி விலைக்காவது போகும்; சில்லுக்கு அந்த வாய்ப்புக் கிடையாது. அதன்பின் மென்பொருள், சான்றிதழ், ஒவ்வொரு சேவை நிறுவனத்தின் கோபுரத்தோடும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை. இவை எல்லாவற்றையும் கடந்தாலும், தேர்ந்த தரநிலையை உலகம் ஏற்காவிட்டால் அத்தனை உழைப்பும் கரையும்.

அதுதான் நேர்ந்தது. செல்பேசித் துறையின் பழைய பெருநிறுவனங்கள் எல்டிஇ என்ற வேறொரு தரநிலையின்பின் அணிவகுத்தன. அதுவும் மைமோவையும் ஓஎஃப்டிஎம்ஏவையும் தழுவியதே என்பதுதான் இக்கதையின் நுட்பமான முடிச்சு. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் எல்டிஇ சேவை தொடங்கியது. 2010 ஜூனில் இந்தியாவின் அகலப்பட்டை அலைக்கற்றை ஏலம் முடிந்தது. நாடு முழுவதற்குமான அலைக்கற்றையைச் சுமார் 12,848 கோடி ரூபாய்க்கு வென்ற இன்ஃபோடெல் நிறுவனத்தின் 95 விழுக்காட்டை ரிலையன்ஸ் உடனடியாக வாங்கியது. பின்னர் அது தேர்ந்தது எல்டிஇ. வைமாக்ஸ் பெரிதும் நம்பியிருந்த இந்தியச் சந்தை அதோடு கைநழுவியது. பீசீமும் விழித்துக்கொண்டிருந்தது, வைமாக்ஸ், எல்டிஇ இரண்டையும் பேசும் ஒரே சில்லை 2010-இல் அறிவித்தது. ஆனால் இரு தரநிலைகளிலும் பெரு நிறுவனங்களோடு மல்லுக்கட்டச் சிறு நிறுவனத்தின் கையிருப்புப் போதாது. 2010 அக்டோபரில் பிராட்காம் அதைச் சுமார் 31.6 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பீசீம் என்ற தனிப்பெயர் அத்தோடு முடிந்தது.

வாங்கியவருக்கும் அது நிலைக்கவில்லை. செல்பேசி மோடம் தொழிலைவிட்டு விலகுவதாக 2014-இல் பிராட்காம் அறிவித்தது. வைமாக்ஸ் சேவையையும் ஸ்பிரின்ட் 2015 முதல் படிப்படியாக நிறுத்திவிட்டது. இந்தக் கணக்கேட்டை மட்டும் பார்ப்பவர் பீசீமைத் தோற்ற நிறுவனங்களின் பட்டியலில் சேர்ப்பார். நாம் அப்படிச் சேர்க்கத் தயங்குகிறோம். எல்டிஇயிலும், ஐந்தாம் தலைமுறையிலும், வீட்டிலுள்ள வைஃபைப் பெட்டியிலும் மைமோவே இயங்குகிறது. ஒரு தரநிலை தோற்றது. அதன் உயிர்நாடி வென்றவன் உடலில் குடியேறிவிட்டது. பால்ராஜுக்கு 2010-இல் பத்மபூஷண், 2011-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பதக்கம், 2014-இல் மார்க்கோனி பரிசு கிடைத்தன. பின்னாளில் இந்திய அரசின் ஐந்தாம் தலைமுறை உயர்நிலை மன்றத்தின் வழிகாட்டுக் குழுவுக்கும் அவர் தலைமை தாங்கினார். அதன் அறிக்கை 2018-இல் வெளியாயிற்று.

ஆயினும் நம்மை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. கடற்படையில் அவர் செய்த சோனார் இந்தியாவுடையதாயிற்று. மைமோவும் பீசீமும் ஏன் ஆகவில்லை? இந்தியாவில் மூளைக்குப் பஞ்சமில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இலேயே பெங்களூரில் வடிவமைப்பு மையம் திறந்துவிட்டது. ஆலையும் இருந்தது: மொஹாலியில் 1984-இல் உற்பத்தி தொடங்கிய அரசின் சில்லு ஆலை, 1989 பிப்ரவரியில் தீக்கிரையாகி, மீண்டெழப் பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் ஆலையில்லா நிறுவனத்துக்கு ஆலை இல்லாதது தடையன்று. சோனாருக்குக் கடற்படை என்ற ஒரு வாடிக்கையாளர் இருந்தார். தோல்வியைப் பொறுத்துக்கொண்டு, செலவை ஏற்று, கப்பலையே சோதனைக்குக் கொடுத்தார். 1998-இல் மைமோ சில்லுக்கு அத்தகைய வாடிக்கையாளரும், முதல் சில்லு பாழானால் இரண்டாவதற்குப் பணம் தரும் முதலீட்டாளரும் இங்கே இல்லை. கலிஃபோர்னியாவில் இருந்தனர். இந்தியாவில் கூலித்தறிதான் ஓடிற்று. இம்முறை வரைபடத்தைக்கூட இங்கே கூலிக்கு நெய்தோம்.

நிலைமை முற்றும் மாறாமலும் இல்லை. பெங்களூரின் சாங்க்யா லேப்ஸ் சொந்தச் சில்லுகளை வடிவமைத்து, 2022-இல் தேஜஸ் நெட்வொர்க்ஸோடு இணைந்தது. சென்னை ஐஐடியின் சக்தி நுண்செயலி 2018-இல் சில்லு வடிவம் பெற்றது. அவ்வளாகத்தில் அரும்பிய மைண்ட்குரோவ் 2024-இல் தன் முதல் சில்லை அறிவித்தது. குஜராத்தின் தோலேராவில் பெரிய ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆலைக்கு ஒதுக்கப்படும் தொகையே நாளேடுகளின் தலைப்பாகிறது. தறியை எண்ணுவது எளிது என்பதால் இருக்கலாம்.

பீசீமின் வரலாறு சொல்வது வேறொன்று. எண்ணம் பிறந்தது முதல் அது சந்தைக்கு வரும்வரை பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் ஒரு நிறுவனமோ இரண்டோ கைமாறலாம். ஒரு தரநிலை மடியலாம். அவ்வளவு காலமும் ஒருவரைத் தாங்கிப்பிடிக்கப் பொறுமையுள்ள வாடிக்கையாளர் தேவை. ஆலை கட்டும் இவ்வேளையில் அந்த வாடிக்கையாளரையும் நாம் தேடிக்கொண்டால், அடுத்த பால்ராஜ் நாற்பத்தேழாம் வயதில் கப்பலேற வேண்டியிராது.