உயிரணுச் செயல்தடுப்பிகளும் வைரஸ் பெருக்கமும்

உயிரணுச் செயல்தடுப்பிகள் என்பவை வைரஸைத் தாக்காமல், அது புகுந்த உயிரணுவின் ஏதேனும் ஒரு செயலை நிறுத்திவைக்கும் வேதிப்பொருள்கள். வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோம் இல்லை; ஆற்றலையும் அது தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. எனவே எந்தச் செயல் நின்றால் பெருக்கமும் நிற்கிறது என்று பார்த்தாலே, வைரஸ் எதைச் சார்ந்து வாழ்கிறது என்பது விளங்கிவிடும்.

படியெடுப்பைத் தடுப்பவை

ஆக்டினோமைசின் டி என்னும் மருந்து டிஎன்ஏவுடன் பிணைந்து, அதிலிருந்து ஆர்என்ஏ உருவாவதைத் தடுக்கிறது. ஆர்என்ஏ வைரஸான போலியோவின் பெருக்கத்தில் டிஎன்ஏவுக்குப் பங்கில்லை; ஆகவே இம்மருந்து இட்ட உயிரணுவிலும் அது பெருகுகிறது. கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் ரவுஸ் சார்கோமா வைரஸும் ஆர்என்ஏ வைரஸே. ஆனால் அதன் பெருக்கம் இம்மருந்தால் தடைபட்டது. இந்த முரணைக் கொண்டே, அவ்வைரஸ் உயிரணுவுக்குள் டிஎன்ஏ வடிவம் எடுக்கிறது என்ற கருதுகோளை ஹோவர்ட் டெமின் 1964இல் முன்வைத்தார். அன்று அதை ஏற்றவர் சிலரே. 1970இல் டெமின் குழுவும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே, ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏவை உருவாக்கும் தலைகீழ்ப் படியெடுப்பு நொதியைக் கண்டறிந்து அதை மெய்ப்பித்தனர். இருவரும் 1975இல் நோபல் பரிசு பெற்றனர். எச்ஐவி ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் இக்கண்டுபிடிப்பே அடித்தளம்.

காளான் நஞ்சான ஆல்ஃபா அமானிட்டின், உயிரணுவின் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 நொதியை முடக்குகிறது. இன்ஃபுளுவென்சா வைரஸ் தன் தூது ஆர்என்ஏவுக்கு வேண்டிய முனைப்பகுதியை உயிரணுவின் புதிய ஆர்என்ஏக்களிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்வதால், அதன் பெருக்கமும் உடன் நிற்கிறது.

நுழைவையும் சவ்வுப் போக்குவரத்தையும் தடுப்பவை

இன்ஃபுளுவென்சா வைரஸ் உயிரணுவின் உட்பைகளில் உள்ள அமிலத்தன்மையைப் பயன்படுத்தியே சவ்வைக் கடக்கிறது. பாஃபிலோமைசின் ஏ1 அந்த அமிலத்தன்மையைக் குறைத்து நுழைவைத் தடுக்கிறது. உயிரணுவின் சவ்வுப் போக்குவரத்தைக் குலைக்கும் பிரெஃபெல்டின் ஏ, போலியோ வைரஸின் ஆர்என்ஏ பெருக்கத்தை நிறுத்துகிறது.

மருத்துவப் பயனும் வரம்பும்

வைரஸின் மரபணுக்கள் விரைவாக மாறும். உயிரணுவின் மரபணுக்கள் அப்படி மாறுவதில்லை. ஆகவே உயிரணுவைக் குறிவைக்கும் மருந்துக்கு எதிர்ப்புத்திறன் எளிதில் தோன்றாது என்று எதிர்பார்க்கப்படுகிறது. எச்ஐவி பற்றிக்கொள்ளும் சிசிஆர்5 ஏற்பியைத் தடுக்கும் மாராவிரோக் 2007இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் தடுக்கப்படும் செயல் நோயாளியின் உடலுக்கும் வேண்டியது. அதனால் ஆக்டினோமைசின் போன்றவை வைரஸ் மருந்தாக உதவா.

உயிரணு வகை மாறினால் விளைவும் மாறலாம். குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் கொரோனா வைரஸைத் தடுத்த குளோரோகுயின் (இதுவும் உட்பைகளின் அமிலத்தன்மையைக் குறைப்பது), மனித நுரையீரல் உயிரணுக்களில் தடுக்கவில்லை. அங்கு மேற்பரப்பு நொதி ஒன்றின் துணையால், அமில உட்பைகளை நாடாமலே வைரஸ் நுழைந்துவிடுகிறது. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட கோவிட் நோயாளிகளின் உயிரிழப்பை, குளோரோகுயினை ஒத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் குறைக்கவில்லை என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020இல் அறிவித்தது.