மடமும் ஆய்வுக்கூடமும்

ஓர் அமைப்பின் அறிவு ஏடுகளில் மட்டும் தங்குவதன்று. ஒரே பணியில் ஈடுபட்டோர் கூடிப் பழகும் பழக்கத்திலும் அது வாழ்கிறது. இத்தகைய கூட்டத்தின் வழியே கற்றல் நிகழ்வதை ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் எனும் அறிஞர் இருவர் 1991-இல் நூலாக எழுதினர். அதற்கு முன்னரே குன்றக்குடி அதனை வாழ்ந்து காட்டியது.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்ததால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் திறக்கப்பெற்றது. அருகிலிருந்த குன்றக்குடிக்கோ வானம் பார்த்த நிலமும் வேலை தேடும் கைகளுமே செல்வம். இவ்விரண்டையும் ஓரவையில் அமர்த்தியவர் தவத்திரு குன்றக்குடி அடிகளார் (1925–1995). 1970-களின் பிற்பகுதியில் உருப்பெற்ற கிராமத் திட்டத்தில் ஆய்வாளர் தொழில்நுட்பம் தந்தனர். ஊரார் தம் மண்ணின் இயல்பையும் தேவையையும் எடுத்துரைத்தனர். மடம் இரு சாராருக்கும் பொதுமன்றமாயிற்று. திட்டக் குழுவினரும் போற்றிய அம்முயற்சி ‘குன்றக்குடி மாதிரி’ எனப் பெயர் பெற்றது.

இன்ன முடிவு எடுக்கப்பெற்றது என்பதைக் குறிப்பேடு சொல்லும். அம்முடிவு ஏன் பிறந்தது என்பதை உடனிருந்தோரே சொல்லவல்லர். அவர்தம் பக்கத்தில் இளையோர் அமராவிடின் அவ்வறிவு ஒரு தலைமுறையோடு மறையும். அடிகளாருக்குப் பின் குன்றக்குடி எதிர்கொண்ட வினா இதுவே. பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டம் ஒவ்வொன்றுக்கும் உரிய வினாவும் இதுவே.