பரிந்துரை என்னும் வாயில்: அமெரிக்க அரசுப் பள்ளிகளின் மீத்திறன் வகுப்புகள் குறித்து

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் மீத்திறன் மாணவருக்கெனத் தனி வகுப்புகள் நடத்தலாமா என்ற வாதத்தில் இரண்டு தரப்புகளே பெரிதும் ஒலிக்கின்றன. வேகமாகக் கற்கும் பிள்ளையைப் பொது வகுப்பில் காக்க வைப்பது அநீதி என்கிறது ஒன்று. இவ்வகுப்புகளில் வெள்ளையினப் பிள்ளைகளும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுமே மிகுதி, ஆகவே மூடிவிடுவதே நீதி என்கிறது மற்றது. 2021 அக்டோபரில் நியூயார்க் மேயர் பில் டி பிளாசியோ, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்துச் சேர்க்கும் முறையையும் தனி வகுப்புகளையும் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தார்; அடுத்த ஆண்டே புதிய மேயர் எரிக் ஆடம்ஸ் அவ்வகுப்புகளை விரிவாக்கினார். இரு தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் இருவருமே வகுப்பறையைப் பார்க்கும் அளவுக்கு அதன் வாயிலைப் பார்ப்பதில்லை. ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி உருவாகும் இடம் அதுதான். ஒரு பிள்ளையைச் சோதித்துப் பார்க்கலாம் என்று முதலில் சொல்வது யார் என்பதே அங்கு எழும் கேள்வி.

இதைச் சோதித்துக் காட்டிய ஊர் புளோரிடாவின் பிரவர்ட் மாவட்டம். நாட்டின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களுள் ஒன்றான அங்கு மாணவரில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர் அல்லது ஹிஸ்பானியர். ஆயினும் 2005க்கு முன் மீத்திறனாளர் என அடையாளம் காணப்பட்ட மூன்றாம் வகுப்பு மாணவரில் இவ்விரு பிரிவினரின் பங்கு 28 விழுக்காடே. அப்போதைய நடைமுறையில் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிள்ளைக்கு மட்டுமே நுண்ணறிவுச் சோதனை நடந்தது. பணம் உள்ளவர்கள் தனியார் உளவியலாளரிடமும் அழைத்துச் சென்றார்கள். 2005இல் மாவட்டம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் சொல்சாரா முன்சோதனை ஒன்றை நடத்தத் தொடங்கியது. அதில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் நுண்ணறிவுச் சோதனைக்கு அனுப்பப்பட்டார்கள். பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீத்திறனாளராக அடையாளம் காணப்படும் விகிதம் நலிந்த பிரிவு மாணவரிடையே 180 விழுக்காடும், ஹிஸ்பானியரிடையே 130 விழுக்காடும், கறுப்பினத்தவரிடையே 80 விழுக்காடும் உயர்ந்தது. தகுதிக் கோட்டைத் தாழ்த்தியதால் வந்த உயர்வு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பொதுவாக 130, ஏழைகளுக்கும் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கும் 116 என்ற நுண்ணறிவு ஈவு வரம்புகள் முன்னரே இருந்தவை. அப்பிள்ளைகள் அதே பள்ளிகளில், அதே ஆசிரியர்களின் கண்ணெதிரில், அதே திறனோடு இருந்தவர்கள்தாம். அவர்கள் பெயரைச் சொல்ல ஆளில்லை.

ஆசிரியர்மீது பழி போடுவது எளிது. அது என் நோக்கமன்று. வீட்டில் ஆங்கிலம் பேசாத ஒரு சிறுமியின் கணக்கறிவு, அவள் தயங்கித் தயங்கிச் சொல்லும் விடையின் பின்னால் மறைந்து நிற்கிறது. வகுப்பில் கையுயர்த்திப் பேசும் பிள்ளையே கூர்மையானவன் என்று தோன்றுவது மனித இயல்பு. ஜேசன் கிரிசம், கிறிஸ்டோபர் ரெடிங் இருவரும் 2016இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வில், ஒரே மதிப்பெண் பெற்றிருந்தும் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையினப் பிள்ளைகளைவிட மிகக் குறைவாகவே இவ்வகுப்புகளில் சேர்க்கப்பட்டனர் என்று தெரிந்தது. ஆசிரியரும் கறுப்பினத்தவராக இருந்தபோது அந்த இடைவெளி சுருங்கியது. சோதனைகளும் பண்பாட்டுச் சார்பு கொண்டவைதாமே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் நாம் ஒப்பிட வேண்டியது குறையற்ற ஓர் அளவுகோலோடு அன்று, அதற்கு மாற்றாக நடப்பில் உள்ள பரிந்துரையோடு. அப்படி ஒப்பிட்டால், எல்லாருக்கும் வைக்கப்படும் சோதனை குறைவான தீங்கே செய்கிறது.

இதனினும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வாயில் திருந்தினாலும், உள்ளே போகிறவருக்குப் பயன் உண்டா, வெளியே நிற்பவருக்கு இழப்பு இல்லையா? இதற்கும் பிரவர்டே விடை தருகிறது. அந்த விடை மீத்திறன் வகுப்பை ஆதரிப்போருக்கும் முழுமையாக இனிப்பதன்று. அங்கு நான்காம், ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு மீத்திறன் மாணவர் இருந்தாலும் பள்ளி தனி வகுப்பு திறக்க வேண்டியிருந்தது. மிஞ்சும் இடங்கள் முந்திய ஆண்டுப் பொதுத் தேர்வில் முன்னிலை பெற்றவர்களுக்குப் போயின. பெரும்பாலான பள்ளிகளில் மீத்திறனாளர் சிலரே என்பதால், இருக்கைகளில் பல இப்படித்தான் நிரம்பின. கார்டும் ஜூலியானோவும் கண்டது இது: நுண்ணறிவு ஈவின் வழியே வரம்பைத் தொட்டு உள்ளே வந்தவர்களின் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. மதிப்பெண்ணின் வழியே வந்த கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளோ வாசிப்பிலும் கணக்கிலும் ஏறத்தாழ அரைத் திட்ட விலக்கம் முன்னேறினார்கள். கல்வி ஆய்வில் இது மிகப் பெரிய அளவு. பொது வகுப்பில் எஞ்சியவர்களிடம் சரிவு காணப்படவில்லை. ஆகவே பிறவித் திறனைத் தேடி அலைவதைவிட, ஆண்டு முழுதும் உழைத்து முன்னிலை பெற்றும் எவர் கண்ணிலும் படாத பிள்ளைக்கு இடம் தருவதே பெரும் பலன் தந்திருக்கிறது. மீத்திறன் என்ற பெயரையே விட்டுவிடலாம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. மேல்நிலைப் பாடத்துக்கு ஆயத்தமான மாணவர் என்ற எளிய விவரிப்பு போதும்.

வகுப்புகளை மூடுவது இந்தப் பிள்ளைக்கு என்ன தரும்? வசதியுள்ளவர்கள் தனியார் பள்ளிக்கோ தனிப்பயிற்சிக்கோ போய்விடுவார்கள். பொதுப் பள்ளியைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவர்களே இழப்பார்கள். மாற்று வழி சட்டமாகவே வந்துவிட்டது. மாநிலக் கணக்குத் தேர்வில் உச்சநிலை பெறும் மாணவரை மேல்நிலைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும், வேண்டாமென்றால் பெற்றோர் சம்மதம் தேவை என்று வட கரோலினா 2018இல் விதித்தது. டெக்சாஸ் 2023இல் ஆறாம் வகுப்புக்கு இதையொத்த சட்டம் இயற்றியது. வாயில் இங்கே முன்கூட்டியே திறந்திருக்கிறது. விலகுவதற்குத்தான் கையெழுத்து வேண்டும். நியூயார்க்கோ 2022இல் இரண்டு வழியிலும் நடந்தது. மூன்றாம் வகுப்புக்கு ஒவ்வொரு பள்ளியிலும் முன்னிலை பெறுவோரை அழைத்தது நல்ல முடிவு. மழலையர் வகுப்புக்கோ சோதனையை எடுத்துவிட்டு ஆசிரியர் பரிந்துரையை வைத்தார்கள். பிரவர்ட் கைவிட்ட அதே முறை. பிரவர்டும் தன் பாடத்தைக் காத்துக்கொள்ளவில்லை. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வந்த நிதிச் சுருக்கத்தில் அனைவருக்குமான முன்சோதனை நிறுத்தப்பட்டது. தனி வகுப்புகள் தொடர்ந்தன. இன இடைவெளியும் பழைய அளவுக்கே திரும்பியது.