நத்தை விழுந்த பாட்டிலும் விடாக்கண்டன் வக்கீலும்

கடையில வாங்கின சோடாவைக் குடிச்சு வயிறு கெட்டா என்ன செய்வோம்? கடைக்காரரை நாலு திட்டு திட்டிட்டு ரெண்டு மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துடுவோம். 1928ல ஸ்காட்லாந்துல ஒரு அம்மணி அப்படிப் படுக்கலை. இன்னிக்கு உலகத்துல பல நாடுகள்ல நஷ்டஈட்டு வழக்குக்கு அவங்க கேஸ்தான் பிள்ளையார் சுழி.

பேரு மே டொனஹ்யூ. கிளாஸ்கோ நகரத்துல கடை ஒண்ணுல வேலை. 1928 ஆகஸ்ட் 26, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பக்கத்துல இருக்கிற பெய்ஸ்லி ஊர்ல ஒரு கஃபேக்குத் தோழியோட போனாங்க. ஐஸ்கிரீம் மேல ஜிஞ்சர் பீர் ஊத்தித் தருவாங்களாம். (பீர்னதும் நிமிர்ந்து உட்காராதீங்க, நம்ம இஞ்சி சோடாதான்.) பாட்டில் கருப்புக் கண்ணாடி, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. கொஞ்சம் குடிச்சாச்சு. மிச்சத்தைத் தோழி ஊத்தினப்போ அழுகின நத்தை ஒண்ணு வந்து விழுந்துச்சுங்கிறது இவங்க புகார். வயித்து வலி, அதிர்ச்சி, ஆஸ்பத்திரி வாசம்.

சரி, கேஸ் போடலாம்னா யார் மேல போடறது? அங்கதான் சிக்கல். காசு கொடுத்தது தோழி. அதனால கடைக்காரருக்கும் இவங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை. சோடா தயாரிச்ச டேவிட் ஸ்டீவன்சனுக்கோ இவங்க யாருன்னே தெரியாது. ஒப்பந்தம் இல்லைன்னா பெரும்பாலும் பொறுப்பும் இல்லைங்கிறதுதான் அன்னிக்குச் சட்டம்.

இப்ப நம்ம ஹீரோ வர்றார். வால்டர் லீச்மேன், கிளாஸ்கோ வக்கீல். இவர் ஏற்கெனவே இதே மாதிரி வழக்கு நடத்தினவர். அதுல பாட்டிலுக்குள்ள செத்த எலி! 1929 மார்ச் 20 அன்னிக்கு அது தோத்துப் போச்சு. வேற யாராவதா இருந்தா சோடா கேஸ் பக்கமே தலைவைச்சுப் படுத்திருக்க மாட்டாங்க. இவர் மூணே வாரத்துல, ஏப்ரல் 9ந் தேதி, ஸ்டீவன்சன் மேல 500 பவுண்டு நஷ்டஈடு கேட்டு நத்தை கேஸைப் போட்டார்.

1930 ஜூன்ல முதல் நீதிபதி இவங்க பக்கம். நவம்பர்ல மேல்முறையீட்டுல தோல்வி. மிச்சம் இருந்தது லண்டன்ல பிரபுக்கள் சபை. அங்கே போகப் பணம் வேணும், தோத்தா எதிராளியோட செலவையும் கட்டணும். அம்மணி என்ன செஞ்சாங்க தெரியுமா? என் சொத்தெல்லாம் சேர்த்தாலும் 5 பவுண்டு தேறாதுன்னு சத்தியம் பண்ணி, ஏழை வழக்காளியா மனு கொடுத்தாங்க. 1931ல மனு ஏத்துக்கப்பட்டுது. வக்கீல்கள் ஃபீஸ் வாங்காம வாதாடினாங்க.

1932 மே 26, தீர்ப்பு. மூணுக்கு ரெண்டுன்னு நூலிழையில வெற்றி. நம்ம செயலால பாதிக்கப்படுவாங்கன்னு நியாயமா யோசிச்சா தெரியக்கூடிய எல்லாருமே சட்டத்தோட பார்வையில நம்ம 'அண்டை வீட்டார்', அவங்க விஷயத்துல கவனமா இருக்கிறது நம்ம கடமைன்னார் அட்கின் பிரபு.

இதுல ஒரு வேடிக்கை. பாட்டில்ல நத்தை இருந்துச்சாங்கிறதைக் கடைசி வரைக்கும் எந்த கோர்ட்டும் விசாரிக்கவே இல்லை! 'இருந்துச்சுன்னு வெச்சுக்கிட்டா பொறுப்பு உண்டா?'ங்கிறதுதான் கேள்வியே. அந்த விசாரணை நடக்கறதுக்குள்ள, அதே 1932ல ஸ்டீவன்சன் இறந்துட்டார். பிறகு 200 பவுண்டுல சமரசம்.

நம்ம ஊர் கோர்ட்டுகளும் இந்த 'அண்டை வீட்டார்' தத்துவத்தை எடுத்தாண்டிருக்கு. 2019ல வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தயாரிப்பாளர் பொறுப்புக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு.

பொட்டி தட்டுறவனா எனக்கு இதுல ஒரு உறுத்தல். ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதினா, காசு கொடுக்கறது ஆஸ்பத்திரி நிர்வாகம். அதுல தப்பு வந்தா அடிபடறது கட்டில்ல படுத்திருக்கிற நோயாளி. அவருக்கும் நமக்கும் ஒப்பந்தமே கிடையாது. "கிளையன்ட் ஓகே சொல்லிட்டாரே"ன்னு நாம கைகழுவறது, ஸ்டீவன்சன் சொன்ன அதே வாதம்தானே? நீங்க என்ன நினைக்கிறீங்க மக்கா?