கழகப் பற்றும் ஒப்பந்தக் கட்டும்: ரொம் ஃபினி பற்றி ஒரு நோக்கு

ஒரே கழகத்துக்காக இறுதிவரை ஆடிய உதைபந்தாட்ட வீரரின் விசுவாசத்தைப் போற்றுவது வழக்கம். ஆயின், விலகிச் செல்லும் உரிமை அவருக்கு இருந்ததா என்ற வினாவை எழுப்பாதவரை அப்போற்றுதல் நிறைவு பெறாது. இங்கிலாந்தின் பிறெஸ்ரன் நோர்த் என்ட் கழக வீரர் ரொம் ஃபினியின் வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க சான்றாகும்.

1922 இல் பிறெஸ்ரன் நகரிற் பிறந்த ஃபினி, தந்தையின் விருப்பப்படி நீர்க்குழாய் பொருத்தும் தொழிலையும் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் எகிப்திலும் இத்தாலியிலும் படைவீரராகப் பணியாற்றியமையால், 24ஆம் வயதிலேயே, 1946 இல், அவரது முதலாவது லீக் ஆட்டம் இடம்பெற்றது. 1960 வரை பிறெஸ்ரனுக்காக 433 லீக் ஆட்டங்களில் 187 கோல்களையும், இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்களில் 30 கோல்களையும் அவர் பெற்றார்.

அக்காலத்து விதிகள் வீரரை இருவகையிற் கட்டுப்படுத்தின. ஒப்பந்தம் முடிவுற்ற பின்னரும் கழகத்தின் சம்மதமின்றி அவர் வேறு கழகத்துக்குச் செல்லவியலாது. 1901 இல் வாரத்துக்கு 4 பவுண் என விதிக்கப்பட்ட ஊதிய உச்சவரம்பு, 1952 இலும் 14 பவுணாகவே இருந்தது. அவ்வாண்டில் இத்தாலியின் பலேர்மோ கழகம், ஒப்பமிடுவதற்கு 10,000 பவுணும், மாதந்தோறும் 130 பவுணும், வசிப்பதற்கு மாளிகையும் தர முன்வந்தது. ஃபினி இதனைத் தமது கழகத் தலைவரிடம் தெரிவித்தார், கழகமோ மறுத்துவிட்டது. ஆகவே, அவர் தங்கியமையை முற்றிலும் சுயவிருப்பின் விளைவெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

எனினும், கட்டாயம் ஒருவரைக் களத்தில் நிறுத்தலாம். அவர் முழுத்திறனோடு ஆடுவதற்கு அது மட்டும் காரணமாகாது. மறுப்பை அடுத்த 1952-53 பருவத்தில், பிறெஸ்ரன் ஆர்சனலுக்குச் சமமான புள்ளிகளைப் பெற்று, கோல் விகிதத்தால் மட்டுமே முதலிடத்தை இழந்தது. 1954 இலும் 1957 இலும் ஆண்டின் சிறந்த வீரராக ஃபினி தெரிவானார்; இவ்விருதை இருமுறை பெற்ற முதல்வர் அவரே. லீக் வெற்றிக் கிண்ணமோ எஃப். ஏ. கிண்ணமோ அவருக்குக் கிட்டவில்லை. அவர் ஓய்வு பெற்ற மறுவருடமே கழகம் முதற்பிரிவிலிருந்து இறங்கியது.

அதே 1961 இல், வீரர் சங்கத்தின் வேலைநிறுத்த எச்சரிக்கையால் ஊதிய உச்சவரம்பு நீங்கியது. 1963 இல், ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் தொடுத்த வழக்கில், வீரர்களைத் தடுத்துவைக்கும் விதி நியாயமற்றதென நீதிமன்றம் தீர்த்தது. இவ்வுரிமைகள் பிறந்தபோது ஃபினியின் ஆட்டக்காலம் முடிந்திருந்தது.

2014 இல் மறைந்த அவரைப் பிறெஸ்ரன் மக்கள் தம்மவராகவே போற்றினர். அப்போற்றுதல் தகுதியானதே. ஆனால், அவர் கழகத்துக்கு அளித்த உழைப்பைப் புகழும் நாம், அவருக்கு மறுக்கப்பட்ட தெரிவையும் உடன்சேர்த்தே எழுதுதல் வேண்டும். பற்றின் பெயரால் அநீதியை மறைப்பதும், அநீதியைச் சுட்டிப் பற்றை மறுப்பதும் ஒருசேரத் தவறாகும்.